படுக்கையறையில் ஆய்வகம், கைப்பையில் எலிகள்: கிளாக்கோமா ஆய்வுகளில் ரீட்டா லெவி மொன்டால்சினி பெயர் அடிபடுவது ஏன்?

கண் ஆபரேஷன் தியேட்டர். கிளாக்கோமா நோயாளிக்கு அறுவை சிகிச்சை தொடங்கப் போகிறது. முதல் வேலையாக டாக்டர் ஒரு மெல்லிய ஊசியை கருவிழியின் ஓரமாகச் செலுத்தி, உள்ளே இருக்கும் நீரில் கொஞ்சம் எடுக்கிறார். சுமார் 0.1 மில்லி. சில சொட்டுக்கு மேல் தேறாது. நோயாளியின் சம்மதத்தோடு அந்த நீர் ஆய்வகத்துக்குப் போகிறது.

அங்கே தேடப்படுவது நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்ஜிஎஃப் என்ற புரதம். கூடவே அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில புரதங்கள். பல நரம்பு செல்கள் உயிரோடு இருக்க இந்தப் புரதங்கள் வேண்டும். கிளாக்கோமாவில் சாவது பார்வை நரம்பு. அப்படியானால் அந்தக் கண்ணுக்குள் இந்தப் புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன? குறைந்துவிட்டனவா? இதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

இந்தக் கேள்வி எங்கே பிறந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போர் நேரத்தில், இத்தாலியில் ஒரு வீட்டுப் படுக்கையறையில். அரசாங்கம் வேலையை விட்டுத் துரத்திய ஒரு பெண் டாக்டர், கோழி முட்டைகளை வைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சி அது. அவர் பெயர் ரீட்டா லெவி மொன்டால்சினி.

முதலில், கிளாக்கோமா என்றால் என்ன?

கண்ணின் முன்பகுதியில் எப்போதும் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும். அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. இந்த நீர் சரியாக வடியவில்லை என்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கண்ணின் பின்னால் இருக்கும் பார்வை நரம்பை மெல்ல மெல்ல சேதப்படுத்தும். இதைத்தான் கண் நீர் அழுத்த நோய் என்கிறார்கள்.

விழித்திரையில் இருந்து மூளைக்குப் படத்தைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் ஒரு கண்ணில் சுமார் 10 லட்சம். கிளாக்கோமாவில் இவை கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோகின்றன. பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் ஓரப் பார்வைதான் போகும் என்பதால் பலருக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது. தெரியவரும்போது போன பார்வை திரும்பி வராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கண் அழுத்தம் சாதாரண அளவில் இருந்தாலும் சிலருக்கு இந்த நோய் வருகிறது. மருந்து போட்டு அழுத்தத்தைக் குறைத்த பிறகும் சிலருக்கு நரம்பு செத்துக்கொண்டே போகிறது. அப்படியென்றால் அழுத்தத்தைத் தாண்டி வேறு ஏதோ நடக்கிறது. அந்த வேறு ஏதோவுக்கு ஒரு பதிலை யோசிக்கச் சொல்லிக்கொடுத்தவர்தான் ரீட்டா.

அப்பா போட்ட தடை

1909 ஏப்ரல் 22-ஆம் தேதி இத்தாலியின் டுரின் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ரீட்டா. கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி பாவ்லா. அப்பா அதாமோ லெவி, மின்பொறியாளர். அம்மா அதேலே மொன்டால்சினி, ஓவியர்.

பாசமான வீடுதான். ஆனால் அப்பா வைத்ததுதான் சட்டம். பெண்கள் பெரிய படிப்பு படித்து வேலைக்குப் போனால் மனைவி, தாய் என்ற கடமைகள் கெட்டுப்போகும் என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் மகள்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஜொவான்னா என்ற பெண்மணி வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த மரணம் ரீட்டாவை உலுக்கியது. 20 வயதில் அப்பா முன்னால் போய் நின்றார். கல்யாணமும் குழந்தையும் தனக்கு ஒத்துவராது, டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று கேட்டார். அப்பாவுக்கு மனசு இல்லை, ஆனாலும் தடுக்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கான பள்ளியில் லத்தீன், கிரேக்கம், கணக்கு எல்லாம் போதுமான அளவு சொல்லித்தரப்படவில்லை. அதையெல்லாம் எட்டே மாதத்தில் படித்து முடித்து, டுரின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கடைசி வரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜுசெப்பே லெவி. இருவருக்கும் உறவு ஏதும் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. கோபக்காரர், ஆனால் திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதில் கெட்டிக்காரர். அவரிடம் படித்த மூன்று பேர் பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார்கள். 1969-இல் சால்வடோர் லூரியா, 1975-இல் ரெனாட்டோ துல்பெக்கோ, 1986-இல் ரீட்டா.

ஒரே சட்டத்தில் போன வேலை

1936-இல் மருத்துவப் பட்டம் கிடைத்தது. நரம்பியலில் மேற்படிப்பும் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. 1938-இல் முசோலினி அரசு இனவெறிச் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதர்கள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கக் கூடாது. ரீட்டாவின் வேலை போனது.

கொஞ்ச நாள் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆராய்ச்சி செய்தார். ஜெர்மன் படை உள்ளே நுழையப் போகிற நேரத்தில், 1940-இல் டுரினுக்கே திரும்பி வந்தார். நாட்டை விட்டுப் போகலாம், இல்லை சும்மா வீட்டில் இருக்கலாம். ரீட்டா இரண்டையும் செய்யவில்லை. தன் படுக்கையறையையே ஆய்வகமாக மாற்றினார்.

தையல் ஊசிகளைக் கல்லில் தீட்டி அறுவைக் கருவிகள் செய்தார். கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் சின்ன இடுக்கி, ஒரு நுண்ணோக்கி, முட்டைகளைச் சூடாக வைக்க ஒரு பெட்டி. அவ்வளவுதான் ஆய்வகம். பெல்ஜியத்தில் இருந்து தப்பி வந்த ஆசிரியர் ஜுசெப்பே லெவியும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். முன்பு குருவாக இருந்தவர், இப்போது சிஷ்யையின் படுக்கையறையில் உதவியாளர்.

1941-இல் டுரின் மீது குண்டுமழை. குடும்பம் கிராமத்துப் பக்கம் குடிபெயர்ந்தது. ஆய்வகமும் கூடவே போனது. கரு வளரும் முட்டைகள் வேண்டும் என்பதற்காக சைக்கிளில் பண்ணை பண்ணையாக அலைந்தார் ரீட்டா. குழந்தைகளுக்குச் சத்தாக இருக்கும் என்று பொய்க் காரணம் சொல்லி வாங்கினார். சோதனை முடிந்த முட்டையில் மிச்சமிருந்தது ஆம்லெட் ஆனது. போர்க்காலத்தில் சாப்பாட்டை வீணாக்க முடியுமா?

முட்டைக்குள் அவர் என்ன பார்த்தார்?

இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். அமெரிக்காவில் இருந்த விக்டர் ஹாம்பர்கர் என்ற விஞ்ஞானி 1934-இல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கோழிக் கருவில் இறக்கை முளைக்கும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டால், அந்த இறக்கைக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் ரொம்பக் குறைந்துவிடுகின்றன. இறக்கையில் இருந்து தகவல் வராததால் அந்த செல்கள் உருவாகவே இல்லை என்பது அவருடைய விளக்கம்.

ரீட்டா அதே சோதனையைச் செய்தார். ஆனால் கடைசியில் மட்டும் எண்ணிப் பார்க்காமல், கருவின் வளர்ச்சியை நாள்வாரியாகப் பார்த்தார். வேறு உண்மை தெரிந்தது. நரம்பு செல்கள் உருவாகத்தான் செய்கின்றன. இறக்கை இருக்க வேண்டிய திசையை நோக்கி இழைகளையும் நீட்டுகின்றன. அங்கே போனால் எதுவும் இல்லை. பிறகுதான் சாகின்றன.

அதாவது, பிறக்காமல் போனது வேறு, பிறந்து பட்டினியால் செத்தது வேறு. நரம்பு போய்ச் சேரும் இடம் அதற்கு ஏதோ ஒன்றை ஊட்டுகிறது, அது கிடைக்காவிட்டால் நரம்பு சாகும். பின்னாளில் மொத்தத் துறையும் நின்றது இந்த எண்ணத்தின் மேல்தான். யூதர்களின் கட்டுரையை இத்தாலிய இதழ்கள் வெளியிடாத காலம் அது. அதனால் 1942-இல் ஒரு பெல்ஜிய இதழில் அந்த முடிவு வெளிவந்தது.

தலைமறைவு, பிறகு அகதி முகாம்

1943-இல் ஜெர்மன் படை இத்தாலிக்குள் நுழைந்தது. யூதர்களுக்கு இனி உயிருக்கே ஆபத்து. ரீட்டாவின் குடும்பம் ஃப்ளாரன்ஸ் நகருக்குத் தப்பிப் போய், பொய்ப் பெயரில் பதுங்கி வாழ்ந்தது. 1944 ஆகஸ்டில் நேச நாட்டுப் படைகள் வந்த பிறகுதான் வெளியே தலைகாட்ட முடிந்தது.

உடனே அகதிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போனார். முகாமில் தொற்றுநோய் பரவி ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வேலை, நர்ஸ் வேலை இரண்டையும் அவரே பார்த்தார். போர் முடிந்ததும் டுரினுக்குத் திரும்பி மறுபடியும் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தார்.

கைப்பையில் போன எலிகள்

1942-இல் வந்த கட்டுரை ஹாம்பர்கரின் கண்ணில் பட்டது. தன் முடிவை மறுத்தவரை அவர் எதிரியாக நினைக்கவில்லை. சேர்ந்து வேலை பார்க்கலாம் என்று அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார். 1947-இல் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார் ரீட்டா. ஒரு வருஷத்துக்குள் திரும்புவதாகத் திட்டம். இருந்தது சுமார் 30 வருஷம்.

அங்கே ஒரு புதுத் தகவல் கிடைத்தது. எலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக் கருவில் வைத்தால், நரம்பு இழைகள் அதற்குள் புகுந்து வளர்கின்றன. ரீட்டா அதைத் திரும்பச் செய்து பார்த்தார். கட்டியை நேரடியாகத் தொடாத நரம்புகளும் தறிகெட்டு வளர்ந்திருந்தன. அப்படியானால் கட்டி ஏதோ ஒரு பொருளைக் கசியவிடுகிறது.

அதை நிரூபிக்கக் கருவுக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் நரம்புத் திசுவை வளர்க்க வேண்டும். அந்த வசதி பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், அவருடைய தோழி ஹெர்த்தா மேயரிடம் இருந்தது. 1952-இல் புற்றுக்கட்டி உள்ள இரண்டு எலிகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார் ரீட்டா.

ரியோவில் முதலில் சறுக்கல்கள்தான். பிறகு ஒரு நாள் நுண்ணோக்கியில் அந்தக் காட்சி தெரிந்தது. கட்டியின் பக்கத்தில் வைத்த நரம்பு முடிச்சைச் சுற்றி, சூரியனில் இருந்து கதிர்கள் கிளம்புவது மாதிரி இழைகள் நாலாபக்கமும் முளைத்திருந்தன.

பாம்பு விஷம் தந்த திருப்பம்

பொருள் இருப்பது உறுதி. அது என்ன பொருள்? 1953-இல் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் அணியில் சேர்ந்தார். கட்டியின் சாற்றில் உள்ள வேறு சில பொருட்களை உடைக்க, அதில் பாம்பு விஷத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். விஷம் சேர்த்ததும் நரம்பு இன்னும் பலமாக வளர்ந்தது. விஷத்திலேயே அந்தப் பொருள் கட்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது!

பாம்பின் விஷப் பை என்பது ஒரு வகையில் உமிழ்நீர்ச் சுரப்பிதானே? எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தேடினார்கள். அங்கே கொட்டிக் கிடந்தது. அது ஒரு புரதம் என்று தெரிந்தது. அதுதான் என்ஜிஎஃப். 118 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது என்பது 1971-இல் வெளிவந்தது.

1986-இல் ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அப்போது ரீட்டாவுக்கு வயது 77. கூப்பிட்டு இடம் கொடுத்த ஹாம்பர்கரின் பெயர் பட்டியலில் இல்லை. அது நியாயமா என்ற விவாதம் ரொம்ப காலம் ஓடியது.

சரி, கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முட்டையில் பார்த்ததை இப்போது கண்ணில் பொருத்திப் பாருங்கள். விழித்திரையில் இருக்கும் நரம்பு செல், தன் நீண்ட இழையை மூளை வரை நீட்டியிருக்கிறது. மூளைப் பக்கத்தில் இருந்து அந்த இழை வழியாகவே பின்னோக்கி செல்லுக்குச் சில ஊட்டப் புரதங்கள் வந்து சேர்கின்றன என்று விலங்குச் சோதனைகள் காட்டின. அதில் முக்கியமானது என்ஜிஎஃப்-இன் குடும்பத்தைச் சேர்ந்த பிடிஎன்எஃப். அதை 1982-இல் பன்றி மூளையில் இருந்து பிரித்தெடுத்தார்கள்.

கண்ணில் அழுத்தம் ஏறும்போது, நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் இழைகள் நசுங்குகின்றன. சாப்பாடு வரும் பாதை அடைபடுகிறது. கோழிக் கருவில் இறக்கையை இழந்த நரம்பு மாதிரியே, விழித்திரை செல்லும் பட்டினி கிடந்து சாகிறதோ? கிளாக்கோமா ஆய்வில் பலர் பின்தொடரும் ஒரு கருத்து இது. கண் நீரில் புரதத்தை அளப்பதன் பின்னணியும் இதுதான்.

அளப்பதில் என்ன கஷ்டம்?

இந்தப் புரதங்கள் பிகோகிராம் அளவில்தான் இருக்கும். ஒரு பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எலைசா என்ற பரிசோதனையில்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். சும்மா ஒருவரின் கண்ணில் ஊசி போட்டு நீர் எடுக்க முடியாது என்பதால், ஆபரேஷனுக்கு வரும் நோயாளிகளிடம்தான் எடுக்கிறார்கள். ஒப்பிடுவதற்கும் முழு ஆரோக்கியமான கண் கிடைக்காது. புரை ஆபரேஷனுக்கு வந்தவர்களின் கண் நீரோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதோடு, கிளாக்கோமா நோயாளிகள் ஏற்கெனவே பல வருஷமாகச் சொட்டு மருந்து போடுபவர்கள். அந்த மருந்து அளவை மாற்றியிருக்கலாம். என்ஜிஎஃப் முழுதாகத் தயாராவதற்கு முந்தைய வடிவம் ஒன்றும் உண்டு. அது செல்லைக் காப்பாற்றுவதற்குப் பதிலாகக் கொல்லவும் தூண்டும். சில பரிசோதனைகள் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சேர்த்தே எண்ணிவிடும்.

இதனால்தான் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. கிளாக்கோமா நோயாளிகளின் ரத்தத்திலும் கண்ணீரிலும் பிடிஎன்எஃப் குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீரைப் பொறுத்தவரை படம் இன்னும் தெளிவாகவில்லை. இதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் எதுவும் வழக்கத்துக்கு வரவில்லை.

100 வயதில் ஒரு கட்டுரை

ரீட்டா 1960-களிலேயே ரோமில் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கி, அங்கேயும் இங்கேயுமாக வேலை பார்த்தார். பின்னர் ரோமிலேயே தங்கிவிட்டார். ஆப்பிரிக்கப் பெண்களின் படிப்புக்கு உதவ சகோதரி பாவ்லாவோடு சேர்ந்து அறக்கட்டளை நடத்தினார். படிக்க அனுமதி கேட்டு அப்பா முன்னால் நின்ற அந்த 20 வயதை அவர் மறக்கவில்லை. 2001-இல் இத்தாலி அவரை வாழ்நாள் செனட்டர் ஆக்கியது. 90 வயதைத் தாண்டியும் நாடாளுமன்றத்துக்கு வந்து ஓட்டுப் போட்டார்.

2009-இல் அவருக்கு 100 வயது. நோபல் வாங்கியவர்களில் சதம் அடித்த முதல் ஆள் அவர்தான். காதும் கண்ணும் மங்கிவிட்ட வயது. அதே ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கண் அழுத்தத்தை ஏற்றிய எலிகளுக்கு என்ஜிஎஃப் சொட்டு மருந்து போட்டபோது, விழித்திரை நரம்பு செல்கள் குறைவாகவே செத்தன. முற்றிய கிளாக்கோமா உள்ள மூன்று நோயாளிகளுக்கும் போட்டுப் பார்த்ததில், பார்வை சார்ந்த அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. கட்டுரை எழுதியவர்கள் பட்டியலின் கடைசிப் பெயர், ரீட்டா லெவி மொன்டால்சினி.

மூன்றே பேர், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. அதை வைத்து மருந்து கண்டுபிடித்தாச்சு என்று சொல்ல முடியாது. ஆனால் கோழி முட்டையில் தொடங்கிய ஆராய்ச்சி, மனிதக் கண் வரை வந்ததை அவர் உயிரோடு இருந்து பார்த்தார். 2012 டிசம்பர் 30-ஆம் தேதி, 103 வயதில் ரோமில் காலமானார்.

இப்போது நிலைமை என்ன?

என்ஜிஎஃப் சொட்டு மருந்து ஒன்று நிஜமாகவே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் கிளாக்கோமாவுக்கு இல்லை. கருவிழியின் நரம்பு செயலிழந்து புண் ஆறாமல் போகும் ஓர் அரிய நோய்க்கு, 2017-இல் ஐரோப்பாவும் 2018-இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன.

அதே மருந்தை கிளாக்கோமா நோயாளிகள் 60 பேரிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் சொட்டு, எட்டு வாரம். மருந்து பாதுகாப்பானது என்று தெரிந்தது. பார்வையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. எட்டு வாரம் போதாதா, சொட்டு மருந்து கண்ணின் பின்பக்கம் வரை போய்ச் சேரவில்லையா என்ற கேள்விகள் பாக்கி இருக்கின்றன. யாருடைய கண்ணில் இந்தப் புரதம் குறைவு என்று முன்கூட்டியே அளக்க முடிந்தால், யாருக்கு மருந்து பலன் தரும் என்று பிரித்துப் பார்க்கலாம். அந்தச் சில சொட்டு நீருக்கு இவ்வளவு மதிப்பு அதனால்தான்.

அதுவரை செய்யக்கூடியது

நரம்புக்கு ஊட்டம் தரும் சொட்டு, போன பார்வையைத் திருப்பித் தரும் மருந்து என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். இன்றைக்குப் பலன் நிரூபிக்கப்பட்ட வழி கண் அழுத்தத்தைக் குறைப்பதுதான். சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் என மூன்று வழிகள் இருக்கின்றன.

40 வயதைத் தாண்டியவர்கள், அப்பா அம்மா அண்ணன் தம்பி அக்கா தங்கை என நெருங்கிய உறவில் யாருக்காவது கிளாக்கோமா இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு மருந்து ரொம்ப நாள் எடுப்பவர்கள், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது. கண்ணாடி பவர் மட்டும் பார்த்துவிட்டு வராமல், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், வலி இல்லை என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.